சந்தனகுமாரின் பத்துக் கிழமை

மார்ச் 30, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பேர்கன் நகரில் இதைக் குறித்து வைக்கத் தேவையில்லை. பெய்யாத நாளைத்தான் குறிக்க வேண்டும்.

மத்தியானம் கடையின் பழைய வாடிக்கைக்காரர் தவராசா வீட்டுக்கு வந்தார். மகளின் பூப்பு விழா, எங்கள் வழக்கில் சாமத்திய வீடு, ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி. மண்டபம் எடுத்தாயிற்று. முந்நூறு பேர். "பரா அண்ணை, பரோட்டாவும் பிரியாணியும் உங்கட பெடியன்ர கையாலதான் வேணும். சனம் பிள்ளையின்ர சீலையை மறந்தாலும் பரோட்டாவை மறக்காது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

பெடியன் என்றது சந்தனகுமாரை. தூத்துக்குடிப் பக்கம் ஏரல் அவனுக்கு ஊர். இரண்டு வருடமாக என் சாப்பாட்டுக் கடையில் சமையல். என் கடை வேலையை வைத்துத்தான் அவனுக்கு நொர்வே விசா. மனைவி இசக்கி போன வருடம் வந்து சேர்ந்தாள். இப்போது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. அவர்கள் வழக்கத்தில் முதல் பிரசவம் தாய்வீட்டில். சித்திரையில் அவளை விமானம் ஏற்றிவிட்டால் பெடியன் இங்கே தனி ஆள்; ஞாயிற்றுக்கிழமையும் அடுப்படியில் நிற்பான். இதை யோசித்துத்தான் தவராசாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடை திறக்க முன்னர் சந்தனகுமார் மாவு பிசைந்துகொண்டே சொன்னான்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லும்."

"இசக்கி ஊருக்குப் போகல."

"ஏன், தாய்க்குச் சுகமில்லையோ?"

"அத்த நல்லாத்தான் இருக்கா. தெனமும் போன்ல அழுதா. வளைகாப்புக்கு வளையல்லாம் வாங்கி வச்சிட்டாளாம். நான்தான் அனுப்பல."

மாவை ஒரு தரம் புரட்டிப் போட்டான். "எங்கண்ணன் அரபு நாட்டுல, தம்மாம்ல கெடக்கான். மொதப் பிள்ளைய அவன் பாக்கையில அது நடந்து வந்துச்சு அண்ணாச்சி. 'யாரு இந்த மாமா'ன்னு கேட்டுட்டு உள்ள ஓடிட்டு. அன்னைக்கு நாங்க எல்லாருமே சிரிச்சோம். எங்கண்ணனும் சிரிச்சான். இப்ப நெனச்சா எனக்குச் சிரிப்பு வரல. பிள்ள அங்க பிறந்தா அதுக்கு இங்க வர தனியா விசா போடணும். அது எப்ப வருமோ."

"சரி, அவ இஞ்ச நிக்கட்டும். உமக்கு அதில என்ன?"

"பத்து வாரம் லீவு வேணும். பிள்ள பிறந்ததும் ரெண்டு வாரம். மிச்சத்த ஏழாவது வாரத்துலேருந்து எடுத்துக்கிடுதேன்."

"பத்துக் கிழமையோ! பிள்ளை பெறுறது ஆர், நீரோ அவவோ?"

"பெறுறது அவதான் அண்ணாச்சி. பெத்த பொறவு அவளுக்கு இங்க யாரு இருக்கா? அரசாங்கமே சம்பளம் குடுக்குமாம்லா."

"தம்பி, அது வெள்ளையளுக்கு உள்ள சட்டம். நீர் வந்து ரெண்டு வருஷம்."

"அப்படியா அண்ணாச்சி" என்றான். மாவை உருண்டை பிடித்து ஈரத்துணியால் மூடினான்.

பிள்ளை ஆனியில். ஏழாவது கிழமை என்றால் ஆகஸ்ட் தொடக்கம். தவராசாவின் சாமத்திய வீடு ஒன்பதாம் திகதி.

ஏப்ரல் 13, ஞாயிறு

கடை பூட்டு. நாலு நாட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். வெளிநாட்டுக்காரனுக்கு இந்த லீவு பொருந்துமோ என்று பொதுவாக விசாரித்து வைப்பது நல்லதுதானே.

ரொறன்ரோவில் குணத்தார், அவரும் சாப்பாட்டுக் கடைக்காரர். "மச்சான், இஞ்ச அவங்கள் கேக்கிறது மணித்தியாலம். அறுநூறு மணித்தியாலம் வேலை செய்து காப்புறுதிக் காசு கட்டியிருந்தாச் சரி. தற்காலிக விசாவில நிக்கிறவனும் எடுக்கலாம். என்ர சமையல் பெடியனும் எடுத்தவன். நான் அகப்பையும் கையுமா நிண்டனான்" என்று சொல்லிச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

சூரிச்சில் மைத்துனன் நவம். "இஞ்ச தகப்பனுக்கு ரெண்டே ரெண்டு கிழமை அத்தான். எந்த நாட்டவன் எண்டு பாக்கிறேல்லை, வேலை செய்து காசு கட்டியிருக்க வேணும். ஆனா ரெண்டு கிழமையில பிள்ளைக்குக் கண் முழிக்கவே நேரம் போதாது."

சிங்கப்பூரில் தெரிந்த ஒருவர் சொன்னது: அங்கே அரசாங்கம் தருகிற தகப்பன் லீவுக்குப் பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளதாக இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் என் மனைவி மலரின் தங்கை மகன் சொன்னது: அந்த நாட்டுச் சட்டத்தில் பன்னிரண்டு கிழமை உண்டு, சம்பளம் இல்லை, அதுவும் ஐம்பது பேராவது வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும். என் கடையில் மூன்று பேர். அமெரிக்காவில் நான் தப்பியிருப்பேன்.

ஒவ்வொரு நாடும் தகப்பனை வாசலில் மறித்து ஒரு கேள்வி கேட்கிறது. ஒன்று எத்தனை மணித்தியாலம் உழைத்தாய் என்கிறது. ஒன்று உன் பிள்ளை யாருடைய பிள்ளை என்கிறது. ஒன்று உன் முதலாளி எவ்வளவு பெரியவன் என்கிறது. முப்பத்தெட்டு வருடமாக நான் இருக்கிற நாடு என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதுதான் அது உறைத்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

'நாவ்' என்று இங்கே சொல்கிற அரச நலன்புரி அலுவலகத்துக்கு எடுத்தேன். பியானோ வாசிப்பைக் கேட்டபடி வெகு நேரம் காத்திருந்தேன். பிறகு ஒரு இளம் பெண் குரல்.

என்னிடம் வேலை செய்கிறவர் வெளிநாட்டவர், விசாவில் நிற்கிறவர், மனைவிக்கு இங்கே வேலை இல்லை என்று ஒவ்வொன்றாக அழுத்திச் சொன்னேன். அவள் கேட்டது இவ்வளவுதான்: அவர் சட்டப்படி இங்கே வசிக்கிறாரா? கடைசிப் பத்து மாதத்தில் ஆறு மாதமாவது வேலை செய்தாரா? இரண்டுக்கும் ஓம் என்றேன். அப்படியானால் அவருக்கு உரிமை உண்டு. மனைவி வேலை செய்யாமல் வீட்டில் இருந்தாலும் பத்துக் கிழமை அவருடையது என்றாள்.

"அவர் எந்த நாடு என்று நீங்கள் கேட்கவில்லையே?"

"அது எனக்குத் தேவையில்லை" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். கடையில் உப்புத் தேவையில்லை என்று சொல்வது போல.

தொலைபேசியை வைக்க மனம் வரவில்லை. இந்தச் சட்டம் எப்போது வந்தது என்று கேட்டேன். தகப்பனுக்கென்று கிழமைகளை ஒதுக்கியது 1993இல், அப்போது நாலு கிழமை என்றாள்.

எங்கள் மகள் ஆரணி பிறந்தது 1995இல், வடக்கே வார்டோவில். நானும் மலரும் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை. மீன் வரத்துக் கூடிய மாதம் அது. மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போனேன். எல்லாரும் அப்படித்தான்.

பேனா சரியாக எழுதவில்லை. வேறு பேனா எடுத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

எங்களுக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை என்று மலரிடம் சொன்னேன். "நீங்கள் ஆரையும் கேட்டனீங்களோ?" என்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

சந்தனகுமாரிடம் சொன்னேன், சட்டம் அவனுக்கும் உண்டு என்று. கும்பிட்டான். நான் என்னவோ சட்டம் இயற்றியவன் போல.

மே 17, சனி

தேசிய நாள். ஊர்வலம் பார்க்கக் கடைக்கு வெளியே கதிரை போட்டு இருந்தேன். வருடா வருடம் பார்க்கிற ஊர்வலம். நான் பார்க்கிறது வாத்தியக்காரரையும் கொடியையும். இன்றைக்குக் கண் தள்ளுவண்டிகளில் போய் நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் ஆம்பிளைகள். எங்கள் வழி பஸ் ஓட்டுகிற மனிதர் நெஞ்சில் ஒரு பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு, கொடியை வாயில் கவ்விக்கொண்டு, இன்னொரு பிள்ளையின் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

சந்தனகுமாரும் இசக்கியும் வந்தார்கள். அவள் பட்டுச் சேலையில், வயிற்றின் மேல் கையை வைத்தபடி. "ஊர்ல மதினி சொன்னாவ, ஆம்பிள பிள்ளையத் தூக்குததெல்லாம் சினிமாவுக்கு எடுக்கதுன்னு" என்றாள் அந்த மனிதரைக் காட்டி. "இல்லட்டி, நெசமாத்தான்" என்றான் அவன்.

மே 20, செவ்வாய்

வழி ஒன்று பிடிபட்டது. லீவு காகிதத்தில் இருக்கட்டும். அரசாங்கம் கொடுப்பதைக் கொடுக்கட்டும். ஆகஸ்டில் அவன் பின்கதவால் வந்து சமைக்கட்டும். நான் தனியாகக் கையில் கொடுக்கிறேன். இப்படி நடக்கிற கடைகளை நான் அறிவேன். அவனுக்கும் நல்லது.

சொன்னேன். "சரி அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரிதான்" என்றான். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பிறகு கழுவி வைத்திருந்த அகப்பையை எடுத்து மறுபடி கழுவினான்.

மலரிடம் சொல்லியிருக்கக் கூடாது. "உங்களுக்கென்னப்பா விசரே? பிடிபட்டா அவன்ர விசா போகும். உங்களுக்கு என்ன போகும், ஒரு பரோட்டாக் கல்லோ?"

மலருக்கு வியாபாரம் விளங்காது. இரவு நித்திரை சரியில்லை. வாய்வு என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தான். "பொம்பளப் பிள்ள அண்ணாச்சி." பின்னால் பிள்ளை அழுவது கேட்டது.

"தொப்புள்கொடிய என்னைய வெட்டச் சொன்னாவ. வெட்டிட்டேன். கத்திரி ரெண்டு தடவ வழுக்கிட்டு."

ஓர் ஆட்டை எலும்பு சிதறாமல் கூறு போடுகிற கை அது.

கடைக்கு இறைச்சி ரோல்ஸ் நானே பொரித்தேன். முதல் சட்டி கருகிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

நாளை மறுநாளோடு அவனுடைய முதல் இரண்டு கிழமை முடிகிறது. ஆகஸ்டில் எத்தனை மணிக்கு, எந்தக் கதவால் வருவது என்று பேசிவைக்கக் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். பிள்ளை பெற்றவளுக்கென்று மலர் சரக்குத் தூள் போட்டுச் சமைத்த மீன் கறியைத் தந்துவிட்டிருந்தாள். இசக்கி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணாச்சி. அவுக குளிப்பாட்டுதாவ" என்றாள்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. சந்தனகுமார் தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தான். சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, இரண்டு காலையும் நேரே நீட்டியிருந்தான். நீட்டிய காலின் மேல் பிள்ளை குப்புறக் கிடந்தது. வாளியில் சாத்தி வைத்த தொலைபேசியில் ஏரலிலிருந்து அவனுடைய அக்கா.

"ஏல குமாரு, தலைக்கு ஊத்தையில நெத்தியில கைய வையி! அணை கட்டுன மாதிரி வையில! தண்ணி மூக்குல போயிரும்!"

"வச்சிருக்கேன்க்கா, கத்தாத. பிள்ள பயப்படுது."

"பிள்ளயா பயப்படுது? நீதான்ல பயப்படுத!"

அவன் இடக்கையை நெற்றியில் அணை கட்டி, வலக்கையால் தண்ணீரை அள்ளி வார்த்தான். பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் முதுகில் பட்டதும் நிறுத்தியது. முதுகு அவன் உள்ளங்கை அகலம்கூட இல்லை. கழுத்து மடிப்பு, கக்கம், விரல் இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகப் போனான். முந்நூறு பேருக்கு மாவு அடிக்கிற கை இவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் இப்படிக் குளிப்பாட்டி எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஓர் ஆம்பிளை காலை நீட்டி இருந்து தன் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, அறுபத்து மூன்று வயதில் இன்றைக்குத்தான் பார்த்தேன். கோயிலில் திரை விலகும்போது நிற்பது போலக் கறிச் சட்டியோடு நின்றேன்.

"அண்ணாச்சி, துண்ட விரிச்சுப் பிடிங்க" என்றான் திரும்பிப் பார்க்காமலே. சட்டியைக் கீழே வைத்துவிட்டு விரித்துப் பிடித்தேன். ஈரமும் சூடுமாக ஒரு பாரம் என் கையில் வந்து விழுந்தது. கண்ணைத் திறந்து என் முகத்தில் எதையோ தேடியது. நான் வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கவில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது. பிறந்த பிள்ளையை வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி, இங்குன் என்று பெயர். பிள்ளையின் நிறை பார்த்தாள், தலையைத் தடவினாள், இசக்கியிடம் பால் பற்றிக் கேட்டாள். தொலைபேசியில் மொழிபெயர்க்கிறவர் கிடைக்கவில்லை. சந்தனகுமாருக்குத் தெரிந்த நொர்வே மொழி சூடு, உப்பு, நன்றி வரைக்கும்தான். "அண்ணாச்சி சொல்லுவாக, எங்க ஆளுதான்" என்று என்னைக் காட்டினான். தாதி என்னிடம் திரும்பினாள்.

பால், நித்திரை, தடுப்பூசி எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "அம்மாவுக்கு இங்கே வேறு உறவு இல்லை. ஆகஸ்டில் அப்பா வீட்டில் இருப்பாரா? முழுநேரமும்?"

மொழிபெயர்த்தேன். சந்தனகுமார் பிள்ளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி."

"என்னத்தச் சொல்லணும்?" என்றாள் இசக்கி. "இருப்பாவன்னு சொல்லுங்க." அவளுக்குப் பின்கதவு விஷயம் தெரியாது. அவன் சொல்லவில்லை.

தாதி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"இருப்பார்" என்று நொர்வே மொழியில் சொன்னேன். "பத்துக் கிழமையும். முழுநேரமும்."

"அதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?"

"நான் அவருடைய முதலாளி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, நல்ல முதலாளியாக இருக்கிறபடியால் இதையும் சொல்கிறேன் என்றாள். பத்துக் கிழமையோடு முடிய வேண்டியதில்லை. அம்மா முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், அவள் வகுப்புக்குப் போகிற காலத்துக்கு அப்பாவுக்கு மேலும் கிடைக்கும். ஏழு மாதம் அளவு. நாவ் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். "இவர்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது. எனக்கே தெரியாது. ஏழு மாதம்.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் நான் ஒருவன். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். "என்னவாம் அண்ணாச்சி?" என்றான் சந்தனகுமார். பிள்ளையைக் குளிப்பாட்டினால் காது மடலை நன்றாகத் துடைக்கட்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிய வராது. அவன் நம்புவான். நான் என்ன சொன்னாலும் சரி அண்ணாச்சி என்பான். அதுதான் என்னை இருத்தி வைத்தது.

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். முதல் தரம் அவன் நம்பவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன்.

இசக்கிதான் முதலில் வாய் திறந்தாள். "நான் படிக்கப் போயி, இவுக பிள்ளையப் பாக்கவா? எங்கம்மா கேட்டா மயக்கம் போட்டு விழுந்திருவா."

"ஏட்டி, ஒனக்குப் படிப்பு வருமா?"

"ஒங்களுக்குப் பிள்ள வளக்க வரும்னா எனக்குப் படிப்பும் வரும்."

தாதிக்கு இதை மொழிபெயர்த்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சந்தனகுமார் சிரிக்கவில்லை. "அப்ப ஆகஸ்டு, அண்ணாச்சி? கடை?" என்றான் மெல்ல.

"கடை ஒரு இடமும் ஓடிப் போகாது. நீர் பின்கதவாலயும் வரத் தேவையில்லை, முன்கதவாலயும் வரத் தேவையில்லை."

பிள்ளையின் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் சட்டியை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 25, புதன்

தவராசாவுக்கு எடுத்தேன். பரோட்டாவும் பிரியாணியும் இல்லை. சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் நானும் மலரும் சமைக்கிறோம் என்றேன்.

"என்ன அண்ணை, நான் சபையில எப்பிடி முழிக்கிறது? பெடியன் விட்டிட்டுப் போட்டானோ?"

"இல்லை. பிள்ளை பாக்கிறார்."

"பிள்ளை பாக்கிறானோ! ஏன், அதுக்குத் தாய் இல்லையோ?"

"இருக்கிறா. தகப்பனும் இருக்கிறார்."

வைத்துவிட்டார். பின்னேரம் அவரே எடுத்து, கறி உறைப்பாக இருக்கட்டும் என்றார். பிறகு தயங்கி, தன் தங்கையின் மகனும் இங்கே விசாவில்தான் நிற்கிறான், அவனுக்கும் பொருந்துமோ என்று கேட்டார். நாவ் இலக்கத்தைக் கொடுத்தேன். பியானோ வாசிக்கும், பொறுத்திருக்கச் சொல்லுங்கோ என்றேன்.

ஜூலை 2, புதன்

இசக்கிக்கு நொர்வே மொழி வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. புரட்டாதியில் தொடக்கம், முழுநேரம். நாவ் அலுவலகத்தில் நானே கேட்டு உறுதிப்படுத்தினேன். இடைவேளையில் பாலூட்டுவதற்குப் பிள்ளையை வகுப்பு வாசலுக்கே கொண்டுபோவானாம்.

கடைக் கதவில் ஒட்ட ஒரு விளம்பரம் எழுதினேன். சமையல்காரர் தேவை, அடுத்த வசந்தம் வரைக்கும்.

மலர் வாசித்துவிட்டு, "ஏன் அதுவரைக்கும் எண்டு சனம் யோசிக்கும். காரணத்தையும் போடுங்கோ" என்றாள்.

நொர்வே மொழியில் ஒரு வரி சேர்த்தேன். கீழே அதையே தமிழிலும் எழுதினேன்: எங்கள் சமையல்காரர் தன் மகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கிறார், திரும்பி வருவார்.

ஒட்டிவிட்டுத் தெருவில் நின்று ஒரு தரம் வாசித்தேன். பிறகு இன்னொரு தரம்.